குழிக்குள் இல்லாத கோழிகள்

முன்னறையில் இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்றில் கோழிப் பண்ணைக்காரர். இன்னொன்றில் பாஸ். ரேடியோ சுவரில் சாய்ந்தபடி, சட்டைப்பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

பாஸ் என்றதும் கோட்டும் தொப்பியுமாக ஓர் ஆளை நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். இடது முழங்காலில் வலி, தோளில் துணிப்பை, முகத்தில் எப்போதும் தூக்கம் பாக்கி. இன்சூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவர். ரேடியோ அவருடைய உதவியாளன், டிரைவர், சில சமயம் தலைவலி. வாயை மூடும் பொத்தானை வைக்க மறந்து படைக்கப்பட்டவன் என்பதால் அந்தப் பெயர்.

ஊரடங்குக் காலத்தில் அரசாங்கம் விவசாயிகளுக்கு அவசர அவசரமாக நிவாரணப் பணம் கொடுத்தது. இப்போது எல்லாம் ஓய்ந்த பிறகு, கொடுத்தது சரியான ஆளுக்குத்தானா என்று சாவகாசமாகச் சந்தேகப்படுகிறது. நிவாரண அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை என்பதால் அந்தச் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் வேலை பாஸ் தலையில் விழுந்திருந்தது. அலைந்து அலைந்து அவருக்கு அலுத்துவிட்டது. பெரிய கைகள் எதுவும் அவர் கையில் சிக்குவதில்லை. சிக்குவதெல்லாம் இந்த மாதிரி, பனியன் ஓட்டையைத் துண்டால் மறைத்துக்கொண்டு உட்காரும் மனிதர்கள்தான்.

"சொல்லுங்க" என்றார் பாஸ்.

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன்" என்றார் பண்ணைக்காரர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "மூக்குல குழாய். தீவன லாரி வரலைன்னு இவ போன்ல அழுதா. முட்டை வாங்க வியாபாரி வரல, கோழியை வாங்கவும் யாரும் வரல. பசி வந்தா அதுங்க ஒண்ணை ஒண்ணு கொத்திக் கொன்னுடும். அதைப் பார்த்திருக்கீங்களா? நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அதனால நான்தான் சொன்னேன். முடிச்சுடு, நான் திரும்பி வரும்போது கொட்டகை காலியா இருக்கணும்னு."

"காலியா இருந்துதா?"

"இருந்துது."

அவர் மனைவி உள்வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தம்ளர் தண்ணீர். யாருக்கும் கொடுக்காமல் அதை வைத்தபடியே நின்றாள்.

"புதைச்ச குழி எங்கே?"

"பின்னால. நான் அந்தப் பக்கம் போனதில்ல. கேட்டைத் தாண்டியும் போறதில்ல. கடை கண்ணி, பேங்கு, எல்லாம் இவதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "தோண்டப் போறீங்களா?"

"தேவைப்பட்டா."

"தோண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்."

பாஸ் தன் வாழ்நாளில் பொய்யர்களை நிறையப் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் கச்சிதமாகப் பதில் சொல்வார்கள். இந்த மனிதர் கேட்காததையெல்லாம் சொன்னார். அழவும் இல்லை. அழுது முடித்து வெகு நாளான முகம் அது. சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் பாஸ் எழுந்தார். முழங்கால் முனகியது.

குழியைக் காட்டப் பண்ணைக்காரர் மனைவி கூடவே வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் நீளமாக மண் மேடு. அதன் மேல் அங்கங்கே நாலு புல்.

ரேடியோ குனிந்து பார்த்தான். "பாஸ், என் தலையிலகூட இதைவிடக் கொஞ்சம் அடர்த்தியா இருக்கு."

பாஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கொட்டகைக் கோழியும் கீழே மக்கிக் கிடந்தால், மேலே புல் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நிற்க வேண்டும். இங்கே சுற்றுவட்டாரப் புல்லைவிட மேட்டுப் புல் சோகையாக இருந்தது.

"எருவே போடாத மண்ணு மாதிரி இருக்கேம்மா?" என்றார்.

அவள் மேட்டைப் பார்க்கவில்லை. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் ஊர்" என்றாள். "அங்கேயும் போய் விசாரிச்சுட்டுப் போங்க."

வண்டியில் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்தான். "குழியில கோழி இல்ல. அந்தப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்."

"எந்தப் பச்சைப் பிள்ளை?"

"நான்தான் பாஸ்."

"குழியில இல்லைன்னு தெரிஞ்சா போதாது. அதைத் தோண்ட மெஷின் வேணும், மெஷினுக்கு அனுமதி வேணும், அனுமதிக்கு ஆதாரம் வேணும். கோழியை உயிரோட காட்டினாத்தான் ஆதாரம்." பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். "கோழியைக் கொன்னு புதைச்சாத்தான் நிவாரணம். வித்திருந்தா, கொடுத்திருந்தா, ஒரு பைசா கிடையாது. அந்தப் பணத்தை வச்சுத்தான் இவங்க பேங்க் கடனைக் கட்டி, கொட்டகையை ஏலம் போகாம காப்பாத்தியிருக்காங்க. பொய்ன்னு ஆச்சுன்னா பணத்தைத் திருப்பணும். கொட்டகை போயிடும்."

"சட்டம் நல்லா இருக்கு. கொன்னா காசு, காப்பாத்தினா கேஸ்."

"அந்த ரெக்கார்டிங்கை இன்னொரு தடவை போடு."

போன மாதம் நிவாரண அலுவலகத்துக்கு வந்த போன் அது. ரேடியோ செல்போனில் ஓடவிட்டான். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசிய ஒரு பெண் குரல். 'வாய்க்கால் ஓரத்துக் கோழிப் பண்ணை. அங்க கோழியைப் புதைக்கவே இல்ல. வந்து பாருங்க.' அவ்வளவுதான். பேச்சுக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் வந்து போனது. கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச்.

"கிணத்து உருளை" என்றான் ரேடியோ.

"உருளை ஒரே இடத்துல கத்தும். இது தூரத்துல இருந்து கிட்ட வந்து, மறுபடி தூரமாப் போகுது."

"அப்ப எங்க மாமனார். அவரும் அப்படித்தான் நடப்பார்."

பாஸ் சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்குத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் ஒற்றைத் தெரு. முதல் வளைவில் ஒரு தையல்காரியின் வீடு. அவள் வாசலில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். வேலிக்குள் மூன்று வெள்ளைக் கோழிகள் மேய்ந்தன. ரேடியோ பேச்சுவாக்கில் ஒரு வேர்க்கடலையைத் தூக்கிப் போட்டான். ஒரு கோழி ஓடி வந்து கொத்தியது. கடலை வழுக்கி உருண்டது. மறுபடி கொத்தியது. மறுபடி உருண்டது.

"என்ன பாஸ் இது, கடலை சாப்பிடத் தெரியாத கோழி?"

பாஸ் வேலிமேல் குனிந்தார். கோழியின் மேல் அலகு நுனி மொட்டையாக இருந்தது. கூண்டுக்குள் நெருக்கிப்போட்டு வளர்க்கும் கோழி ஒன்றை ஒன்று குத்திவிடக் கூடாது என்று குஞ்சாக இருக்கும்போதே அப்படி வெட்டிவிடுவார்கள். வீட்டில் வளர்க்கிற கோழிக்கு யாரும் அலகை வெட்டுவதில்லை. சுவர் ஓரம் ஒரு தகரத்தில் மாவாக அரைத்த தானியம் வேறு இருந்தது. கொல்லைக் கோழிக்குத் தானியத்தை அரைத்துப் போடுகிறவர்களைப் பாஸ் அதுவரை பார்த்ததில்லை.

"கோழி ஏதும்மா?"

"போன வருஷம் சந்தையில வாங்கினேன்" என்றாள் தையல்காரி, ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"போன வருஷம் சந்தையே கூடலையே."

மெஷின் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

அடுத்தது முடிதிருத்துகிறவர் வீடு. அங்கே நான்கு வெள்ளைக் கோழிகள். நான்குக்கும் அலகு மொட்டை.

"இதுங்களா? என் மச்சான் குடுத்தது" என்றார் அவர்.

"சம்சாரத்தோட அண்ணனா, தம்பியா?" என்று கேட்டான் ரேடியோ.

"தம்பி" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "யாருங்க அது? எனக்கு ஏது அண்ணன் தம்பி? எங்க அப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு."

முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்ததையே வெகுநேரம் துடைத்தார்.

தெரு முழுக்க இதே கதைதான். வீட்டுக்கு ஒரு பொய். ஒரு வீட்டில் கோழி தானாகப் பறந்து வந்ததாம். இன்னொரு வீட்டில் அது கோழியே இல்லையாம், வாத்தாம். பாஸ் ஒரு மதில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். இத்தனை பேர் ஒரே விஷயத்தை மறைக்கிறார்கள். ஆனால் ஒருவராவது உருப்படியாகப் பொய் சொல்லத் தெரிந்தவராக இல்லை. பழக்கமில்லாதவர்கள். அதுதான் அவரை இன்னும் அலுக்க வைத்தது. நல்லவர்களைக் குடைந்து எடுப்பது அவருக்குப் பிடித்த வேலை அல்ல.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச்.

தெருக் கோடியிலிருந்து தண்ணீர்க்காரர் கேன்களை அடுக்கிய இரும்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்ட அடுத்த நொடி தெருவில் இருந்த வெள்ளைக் கோழிகள் அத்தனையும் தலையைத் தூக்கின. செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கு ஓடி வந்து, கிடைத்த சந்தில் எல்லாம் கழுத்தை நீட்டின. திறந்திருந்த வாசல்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு கோழிகள் வெளியே வந்து வண்டியின் பின்னாலேயே நடந்தன.

"போங்க, போங்க. தண்ணிதான் இருக்கு, தண்ணி" என்று அவற்றிடம் சலித்துக்கொண்டார் தண்ணீர்க்காரர்.

ரேடியோவின் கடலை பாதி வழியில் நின்றது. செல்போனை எடுத்து அந்த ரெக்கார்டிங்கை மறுபடி ஓடவிட்டான். வண்டிச் சத்தமும் போன் சத்தமும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"முடிஞ்சுது பாஸ். இந்த வண்டி போற நேரத்துல, இந்தத் தெருவுல இருந்து எவளோ போன் பண்ணியிருக்கா. என் சந்தேகம் தையல்காரி மேல. வாயில பொத்திக்கத் துணிக்குப் பஞ்சமே இல்லாதவங்க அவங்கதான்."

பாஸ் தண்ணீர்க்காரரிடம் போனார். "உங்க பின்னாடி ஏன் இப்படி வருதுங்க?"

"யாருக்குத் தெரியும்? பழைய வண்டியில போனப்ப ஒண்ணும் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த வண்டி வந்ததுல இருந்து எனக்கு இந்த ஊர்வலம். எண்ணெய் போட்டாச் சரியாயிடும்ங்கறாங்க. போடணும்."

"வண்டி எப்ப வாங்கினீங்க?"

"இந்த மாசப் பிறப்புலதான்."

ரேடியோவின் முகம் விழுந்தது. புகார் வந்தது போன மாதம். வண்டி வந்தது இந்த மாதம். தையல்காரி தப்பித்தாள்.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்றார் பாஸ்.

தண்ணீர்க்காரர் தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். கடைசியில் தையல்காரிதான் எழுந்து வந்தாள்.

"சொல்லிடுங்கண்ணே. இவங்க கண்டுபிடிச்சுட்டாங்க." பாஸ் பக்கம் திரும்பினாள். "அது பண்ணையில தீவனம் தள்ளற வண்டிங்க. கூண்டு வரிசை நடுவுல இதைத் தள்ளிக்கிட்டே தீனி போடுவாரு. இதுங்க பிறந்ததுல இருந்து கேட்ட சத்தம். இது வந்தா தீனி வரும்."

"கோழி?"

"அந்தம்மா குடுத்தாங்க. அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஒரு வாரமாக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு குடுத்தாங்க. காசு வாங்கல. எங்களால முடிஞ்சவரை காப்பாத்தினோம். பாதி செத்துது, கொஞ்சம் அடுப்புக்கும் போச்சு, பொய் சொல்லல. ஆனா வேலை இல்லாம எல்லாரும் வீட்டுக்குள்ள கிடந்தப்ப, இதுங்க போட்ட முட்டையிலதான் இந்தத் தெருப் பிள்ளைங்க வயிறு நிறைஞ்சுது." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஒரு கோழிகூட வாய்க்காலைத் தாண்டக் கூடாது. அவரு கண்ணுல படக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சா மறைக்க வராது, கேக்கற முதல் ஆபீசர்கிட்டயே சொல்லிடுவாருன்னாங்க."

ஆக, பண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், தான் சொன்னபடி கோழிகளைக் கொன்று புதைத்துவிட்டதாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கோழிகள் கொழுத்துத் திரிய, அந்தப் பக்கம் ஒரு மனிதர் வெறும் கொட்டகையைக் காவல் காக்கிறார்.

"சரி பாஸ், கோழி கிடைச்சுது. ஊரே கூட்டு" என்றான் ரேடியோ. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "ஆனா ஊர்ல எல்லார் வாயிலயும் முட்டை. அப்ப வாயைத் திறந்தது யாரு?"

பாஸ் குனிந்து வண்டியின் சக்கரத்தையே பார்த்தார். பிறகு தண்ணீர்க்காரரைக் கேட்டார். "பண்ணையில இந்த மாதிரி வண்டி ஒண்ணுதான் இருந்துதா?"

"ரெண்டு இருந்துது. கொட்டகைக்கு ஒண்ணு. நான் ரெண்டையுமே கேட்டேன். இன்னொண்ணைத் தர மாட்டேன்னுட்டாங்க. அது அவருக்கு வேணுமாம்."

"கோழியே இல்லாத கொட்டகையில தீவன வண்டி எதுக்கு?" என்றான் ரேடியோ.

"நானும் அதையேதான் கேட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லல."

பாஸ் நிமிர்ந்தார். "சாயங்காலத் தீனி எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

"இந்நேரம்தான்" என்றாள் தையல்காரி.

"ரேடியோ, நீ இவரைக் கூட்டிக்கிட்டுப் பாலத்துக்கிட்ட நில்லு. வண்டி உருளக் கூடாது. என் நம்பர்ல இருந்து ஒரு மிஸ்டு கால் வந்தா மட்டும் தள்ளிக்கிட்டு வாங்க. கேட்டுக்குள்ள வரணும். பின்னாடி எது வந்தாலும் விரட்டாதீங்க."

"நீங்க?"

"நான் நடந்தே போறேன்."

"அந்த முழங்காலோடயா?"

"வேற முழங்கால் இருந்தாக் குடு."

பண்ணை வீட்டுப் பின்கட்டு திறந்து கிடந்தது. பண்ணைக்காரர் மனைவி சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள். அடுப்பு எரியவில்லை. பாஸ் வாசலில் நின்றதைப் பார்த்தும் அவள் திடுக்கிடவில்லை. வர வேண்டிய ஆள் வந்ததுபோல நகர்ந்து இடம் விட்டாள்.

கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். சமையலறை ஜன்னலுக்குக் கிட்டே வந்து, திரும்பி, தூரமாகப் போனது.

பாஸ் ஜன்னல் வழியே பார்த்தார். கொட்டகை நெடுக வெறும் கம்பிக் கூண்டுகள். நடுவே அந்த மனிதர் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு கூண்டுக்கும் நேரே நின்றார். கையை வண்டிக்குள் விட்டு, ஒன்றும் இல்லாமல் எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார்.

"தினமும் இப்படித்தானா?"

"தினமும் ரெண்டு வேளை" என்றாள் அவள். "முதல்ல சும்மா நடக்கறாருன்னு நினைச்சேன். டாக்டர் நடக்கச் சொன்னாரு. அப்புறம் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். கையை விட்டு விட்டு எடுக்கறாரு. ஒரு வண்டியை வித்துப் பார்த்தேன். இன்னொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

"புகார் போன் இங்கே இருந்துதான் வந்தது."

அவள் மறுக்கவில்லை. "இந்த ஜன்னல்கிட்டதான் நின்னேன். சத்தம் கேட்டிருக்கும்னு அப்ப தோணல."

துப்பறியும் தொழிலில் பாஸ் எத்தனையோ புகார்க்காரர்களைப் பார்த்திருக்கிறார். பொறாமைக்காரப் பங்காளி, சண்டைபோட்ட பக்கத்து வீடு, கூலி கிடைக்காத வேலையாள். தன் மேலேயே புகார் கொடுத்துவிட்டு, ஆள் வரக் காத்திருந்தவளை இப்போதுதான் பார்க்கிறார். காலையில் 'ஊருக்குள்ள போய் விசாரிங்க' என்று இவள் வழி காட்டியது ஏன் என்பது இப்போது விளங்கியது.

"நேரா அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது. சொன்னா என்ன செய்வாரு? அன்னிக்கே ஆபீசுக்கு நடப்பாரு. நான்தான் பொய் சொன்னேன், என்னைப் பிடிச்சுக்குங்கன்னு நிப்பாரு. என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாரு. கையெழுத்தும் அவரோடது, பண்ணையும் அவரோடது, யாரு நம்புவாங்க அவருக்குத் தெரியாதுன்னு?" அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதான், தெரிஞ்சு போறதுக்கு முன்னாடி வெளியாள் யாராவது வந்து அவரைப் பார்க்கணும்னு நினைச்சேன். காலையில பார்த்தீங்க இல்ல? தோண்டினா உள்ள போய்ப் படுத்துக்கறேன்னு சொன்னாரே, கேட்டீங்க இல்ல? அதை அப்படியே எழுதுங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதுங்க. மீதியை என் பேர்ல எழுதுங்க."

வெளியே சக்கரம் கத்திக்கொண்டே போனது.

பண்ணைக்காரரை மாட்டிவைக்க வந்த புகார் என்று நிவாரண அலுவலகம் நினைத்தது. பாஸும் நினைத்தார். அது அவரைக் காப்பாற்ற வந்த புகார். அவருக்குச் சாட்சியாகத்தான் தன்னை இந்தப் பெண் வரவழைத்திருக்கிறாள். ஏமாந்துபோனதில் பாஸுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் வலிதான் இருந்தது, அதோடு இந்தப் பெண்மேல் ஒரு மரியாதை.

"எழுதறேன்" என்றார். "ரெண்டையும் எழுதறேன். பணத்தைத் திருப்பணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கொட்டகை பேங்குக்குப் போயிடும்."

"காலிக் கொட்டகைதானே." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதைக் காப்பாத்தறேன்னுதான் இவ்வளவும் பண்ணேன். அது நிக்குது. அவர்தான் இத்துப்போயிட்டாரு."

பாஸ் பையிலிருந்து செல்போனை எடுத்தார். "ஆபீஸ் கடிதம் வந்துதான் அவருக்கு விஷயம் தெரியணும்னு இல்ல. அதுக்கு முன்னாடி கோழி வந்து தெரியறதுக்கும் வழி இருக்கு. எதுன்னு நீங்க சொல்லுங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே வெறும் கை ஒன்று வண்டிக்குள் போய் வெறுமையாக வெளியே வந்தது.

"கோழி வரட்டும்" என்றாள்.

பாஸ் நம்பரை அழுத்தி, ஒரு மணி அடித்ததும் நிறுத்தினார்.

இருவரும் கொட்டகை வாசலுக்குப் போனார்கள். பண்ணைக்காரர் அவர்களைக் கவனிக்காமல் கடைசி வரிசையில் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி வரிசையில் மூச்சுக்காக நின்றார். அவர் வண்டி நின்றது. சத்தம் நிற்கவில்லை.

அவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சக்கரம் அசையவில்லை. கிறீச் என்றது மறுபடி, கேட்டுப் பக்கமிருந்து.

நிமிர்ந்து பார்த்தார். கேட்டு வழியாகத் தண்ணீர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கூட்டம் வந்தது. ஊருக்குள் போன நாளிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் திரும்பத் தாண்ட விடப்படாத கோழிகள் அத்தனையும் அன்று தாண்டிவிட்டன. கடைசியில் ரேடியோ, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வழிதவறிய ஒன்றிரண்டை ஒதுக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, தெருவே வந்து நின்றது.

பண்ணைக்காரர் வண்டியை விட்டார். உடனே மறுபடி பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். முன்னால் வந்த ஒரு கோழியைக் குனிந்து தூக்கி, கட்டைவிரலால் அதன் அலகைத் தடவிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீ செய்யலியா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"பணம் வாங்கினோமே."

"திருப்பணும். கொட்டகை போயிடும். எல்லாம் என் தப்பு, அப்புறம் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. காலைச் சுற்றிக் கோழிகள் நெருக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி அந்த வண்டியையே பார்த்தன. அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் பதறியது.

"தீனி இல்லையே" என்றார். "இத்தனை பேரும் வந்துட்டாங்க, வெறும் வண்டியோட நிக்கிறேனே."

பாஸ் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தொலைப்பான் என்று பயந்தார். அவனோ சட்டைப்பை இரண்டையும் கவிழ்த்து, இருந்த கடலை முழுவதையும் சிமெண்டுத் தரையில் கொட்டினான். கிடைத்த கல் ஒன்றை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, நுணுக்க ஆரம்பித்தான். தையல்காரி வீட்டுக்கு ஓடினாள், அரைத்து வைத்திருந்ததை எடுத்துவர.

பண்ணைக்காரர் கோழியை இடுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பொடியா, தம்பி" என்றார். "அதுங்களுக்கு அலகு கிடையாது."